மாடியில் வைத்த எக்ஸ்டெண்டர் ரவுட்டரை விட்டு விட்டுப் பிரிகிறது: கோளாறு எதில்?

மாடியறை (திருச்சி), ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 1990களின் தொடக்கத்தில் கட்டிய இரண்டு அடுக்குத் தனி வீடு. கீழே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மேலே நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். ஃபைபர் இணைப்பின் பெட்டி கீழ்த்தளத்து முன்னறையில் பரண்மீது இருக்கிறது. ரவுட்டரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடக்கம். சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், இடையில் கான்கிரீட் தளம். மாடியின் பின்னறையில்தான் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். அங்கே வைஃபை எட்டாததால், ஏழு மாதங்களுக்கு முன்பு ரவுட்டரின் வைஃபையைப் பெற்று மறுபடி ஒலிபரப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளிலும் இயங்குவது) வாங்கி, என் மேசைக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே செருகினேன்.

முதல் மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு, ஒரு நாளைக்கு ஆறேழு முறை எக்ஸ்டெண்டரின் விளக்கு நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறுகிறது, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே நீலத்துக்குத் திரும்புகிறது. அந்த நேரத்திலும் கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகவே தெரிகின்றன. ஆனால் எதுவும் திறப்பதில்லை. எக்ஸ்டெண்டரை ஆலை அமைப்புக்கு மூன்று முறை மீட்டுவிட்டேன், அதன் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டேன். இணைய நிறுவனத்திலிருந்து வந்த ஊழியர் ஃபைபரின் ஒளி அளவு நன்றாக இருப்பதாகச் சொல்லி, "எக்ஸ்டெண்டர் எங்கள் பொறுப்பு அல்ல" என்று கூறிப் போய்விட்டார். எக்ஸ்டெண்டர் நிறுவனத்தின் உதவி எண்ணில் "ரவுட்டரை மாற்றுங்கள்" என்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்காந்தள் (மதுரை), ஞாயிறு, இரவு 10.05

எக்ஸ்டெண்டர் என்பதே பாதித் தீர்வுதான், நண்பரே. அதைப் பரணில் போட்டுவிட்டு வீடு முழுவதும் ஒரே வைஃபையாகப் பரப்பும், மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் ஒன்று வாங்குங்கள். நானும் இதே துன்பத்தைப் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த மாதம் வாங்கிவிடுவேன்.

அலைமானி (சென்னை), திங்கள், காலை 7.20

மெஷ் வாங்குவது பற்றிப் பிறகு பேசலாம். மெஷ் பெட்டிகளும் பெரும்பாலும் கம்பியில்லாமல்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதால், இப்போது எக்ஸ்டெண்டருக்கு எது தடையாக இருக்கிறதோ அது மெஷ்ஷுக்கும் தடையாக இருக்க வாய்ப்பு உண்டு. நோய் எது என்று தெரியாமல் மருந்தை மாற்றினால் பணம்தான் போகும்.

மாடியறை அவர்களே, உங்கள் மடிக்கணினிக்கும் வெளியுலகுக்கும் இடையில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. மடிக்கணினியிலிருந்து எக்ஸ்டெண்டர் வரை ஒன்று, எக்ஸ்டெண்டரிலிருந்து ரவுட்டர் வரை இரண்டாவது, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை மூன்றாவது. கைப்பேசி காட்டும் கோடுகள் முதல் கண்ணியை மட்டுமே அளக்கின்றன. எக்ஸ்டெண்டர் ஓர் அடி தொலைவில் இருக்கும்போது அந்தக் கோடுகள் எப்போதும் முழுமையாகத்தான் இருக்கும். இரண்டாவது கண்ணி அறுந்து கிடப்பது அவற்றுக்குத் தெரியாது. விளக்கு சிவப்பாவதை வைத்து இரண்டாவது கண்ணியைத்தான் நானும் சந்தேகிக்கிறேன், ஆயினும் சந்தேகம் சான்று ஆகாது.

ஆகவே மடிக்கணினியில் மூன்று கட்டளைச் சாளரங்களைத் திறந்து, மூன்றிலும், ஒரு முகவரி பதில் தருகிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை நிற்காமல் ஓடும்படி விடுங்கள். ஒன்று எக்ஸ்டெண்டரின் முகவரிக்கு, ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும்), மற்றொன்று 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. விளக்கு சிவப்பாகும் நேரத்தில் எந்தெந்தச் சாளரம் பதிலின்றி நிற்கிறது என்று பாருங்கள். அத்துடன் ஒரு தாளில் இரண்டு நாளைக்கு ஒவ்வொரு துண்டிப்பின் நேரத்தையும் எழுதுங்கள். நிமிடம் வரை எழுதுவது முக்கியம். சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அறுந்தால் வைஃபையின் குறிமொழிச் சாவியை ரவுட்டர் அவ்வப்போது மாற்றும் புதுப்பிப்பை ஐயுறலாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அறுந்தால் கருவிகளுக்கு ரவுட்டர் காலவரையறையோடு வழங்கும் முகவரியின் குத்தகையையோ ரவுட்டரின் தானியங்கி மறுதொடக்கத்தையோ பார்க்க வேண்டும். ஒழுங்கே இல்லாமல் அறுந்தால் சிக்னல், குறுக்கீடு, மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கடைசியாக, எக்ஸ்டெண்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து, ரவுட்டரிடமிருந்து அதற்குக் கிடைக்கும் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) என்று பார்த்துச் சொல்லுங்கள். எண் எதிர்ம எண்ணாக இருக்கும்; சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது.

மாடியறை, புதன், இரவு 8.15

அலைமானி அவர்கள் சொன்னபடியே செய்தேன். திங்கள் முதல் இன்று மாலை வரை பதினைந்து துண்டிப்புகள். பதினைந்திலும் எக்ஸ்டெண்டருக்குப் போன பிங் தடையின்றி ஓடியது. ரவுட்டருக்கும் வெளி முகவரிக்கும் போனவை இரண்டும் ஒரே நொடியில் நின்றன. அப்போது கீழே அம்மாவின் கைப்பேசியில் இணையம் வேலை செய்ததா என்று பத்து முறை கேட்டேன். ஏழு முறை வேலை செய்தது, மூன்று முறை அங்கேயும் இல்லை. எட்டாவது முறை கேட்டபோதே "உனக்கு வேறு வேலை இல்லையா" என்று அம்மா கேட்டுவிட்டார்.

நேரங்களில் ஓர் ஒழுங்கும் எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தபோது மூன்று முறை அறுந்திருக்கிறது. மற்றவை காலையிலும் பின்னிரவிலும் சிதறிக் கிடக்கின்றன. எக்ஸ்டெண்டரின் பக்கத்தில் சிக்னல் −78 டிபிஎம் என்று காட்டுகிறது. சில சமயம் −82 வரை இறங்குகிறது. மாடியில் வேகம் 6 முதல் 9 மெகாபிட். கீழே அதே நேரத்தில் 95 மெகாபிட் கிடைக்கிறது.

கம்பியாள் (கோயம்புத்தூர்), வியாழன், காலை 6.50

தம்பி, நான் இருபது ஆண்டுகளாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் லேன் வயர் இழுப்பவன். உங்கள் தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் கலந்து கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் சரிசெய்வோம்.

எக்ஸ்டெண்டரை வைத்திருக்கும் இடமே தவறு. வைஃபை எட்டாத அறையில் அதை வைத்தால், எட்டாத சிக்னலைத்தான் அது வாங்கித் திருப்பிக் கொடுக்கும். கிணறு வற்றியிருக்கும்போது பெரிய வாளி கட்டி என்ன பயன்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடம் எதுவோ அங்கே எக்ஸ்டெண்டர் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் "சரிபாதித் தூரத்தில் வைக்கவும்" என்று அச்சடித்திருப்பார்கள். அது சுவரில்லாத வீட்டுக்குப் பொருந்தும். நம் வீடுகளில் தூரத்தைக் காட்டிலும் இடையில் உள்ள பொருள்தான் கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை அலை சாய்வாகக் கடந்தால் அதற்கு அது பன்னிரண்டு, பதினைந்து அங்குலச் சுவர். கான்கிரீட் தளத்துக்குள் கம்பிக் கட்டு வலைபோல் பரவியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி, இரும்பு பீரோ ஆகிய மூன்றும் வைஃபைக்குச் சுவரைவிட மோசமானவை.

ஆனால் உங்கள் வீட்டுத் தளத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதற்கு மாடிப்படி என்று பெயர். படிக்கட்டு திரும்பும் இடத்தில் பெரும்பாலும் ஒரு விளக்குப் பாயிண்டாவது இருக்கும். அங்கே பிளக் கிடைத்தால் எக்ஸ்டெண்டரை அங்கே வையுங்கள். கைப்பேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை நிறுவி, அந்த இடத்தில் ரவுட்டரின் சிக்னல் −65 அல்லது அதைவிட நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். −70ஐத் தாண்டிக் கீழே போனால் அங்கே வைக்க வேண்டாம்.

பரணில் இருக்கும் பெட்டியைப் பற்றியும் ஒரு கேள்வி. அதன் அருகில் பித்தளைப் பாத்திரங்களோ இரும்புப் பெட்டியோ இருக்கின்றனவா?

மாடியறை, சனி, மாலை 5.30

கம்பியாள் அண்ணா, நீங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர் போலக் கேட்டிருக்கிறீர்கள். பெட்டிக்கு முன்னால் பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இருந்தது, பரணுக்கு நேர் கீழே பீரோ இருந்தது. ஃபைபர் வயரின் நீளம் போதுமாக இருந்ததால், வயரை மடக்காமல் பெட்டியை மட்டும் கீழே இறக்கி, படிக்கட்டைப் பார்த்த சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டேன். எக்ஸ்டெண்டர் இப்போது படி திரும்பும் இடத்தில் இருக்கிறது. சிக்னல் −78இலிருந்து −62க்கு வந்துவிட்டது. பின்னறையில் வேகம் 40 மெகாபிட்டைத் தாண்டுகிறது.

ஆயினும் துண்டிப்பு நிற்கவில்லை. ஆறேழு முறை அறுந்தது இப்போது நாளைக்கு இரண்டு மூன்று முறை அறுகிறது. சிக்னல் நன்றாக இருக்கும்போதே திடீரென்று சிவப்பாகிவிடுகிறது.

அலைமானி, சனி, இரவு 9.10

16 டெசிபல் கூடியிருக்கிறது என்றால், எக்ஸ்டெண்டருக்கு எட்டும் ஆற்றல் ஏறத்தாழ 40 மடங்கு ஆகியிருக்கிறது என்று பொருள். ஓர் அண்டாவை நகர்த்தியதற்கு இது பெரிய ஊதியம். சிக்னல் குறைவால் அறுந்தவை இத்துடன் நின்றுவிட்டன என்று கொள்ளலாம். எஞ்சியவற்றுக்குக் காரணம் வேறு.

எக்ஸ்டெண்டர் ரவுட்டரோடு எந்த அலைவரிசையில் பேசுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸிலா 5 கிகாஹெர்ட்ஸிலா? ரவுட்டரின் பக்கத்தில் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட தடம்) "தானியங்கி" என்று இருக்கிறதா? துண்டிப்புக்கு முன்னும் பின்னும் ரவுட்டர் எந்தச் சேனலில் இருந்தது என்பதை அதே செயலியில் பார்த்துச் சொல்லுங்கள். ரவுட்டரில் நிகழ்வுப் பதிவேடு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

மாடியறை, திங்கள், இரவு 7.45

5 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. சேனல் தானியங்கிதான். நேற்றுக் காலை 100ஆம் சேனலில் இருந்த ரவுட்டர், துண்டிப்புக்குப் பிறகு 36இல் இருந்தது. இன்று விடியற்காலை மீண்டும் 100க்குப் போயிருக்கிறது. பதிவேட்டில் அந்த இரண்டு நேரங்களிலும் "ராடார் கண்டறியப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. திருச்சியில் என் வீட்டருகே ராடார் ஏது என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

அலைமானி, திங்கள், இரவு 10.30

இதைத்தான் எதிர்பார்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள், சில வானிலை ராடார்களும் இராணுவ ராடார்களும் பயன்படுத்தும் அலைவெண்களோடு ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆகவே அந்தச் சேனலில் நுழையும் முன்பு ரவுட்டர் 60 நொடி வாய் திறக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ராடார் போன்ற துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு, 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. பல நாடுகளின் விதி இது என்பதால் உலகச் சந்தைக்குச் செய்யப்படும் ரவுட்டர்களின் மென்பொருளிலேயே இதைப் பொதித்துவிடுகிறார்கள். ராடார் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறு கருவிகளின் ஓசையை ராடார் என்று ரவுட்டர் மயங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

கைப்பேசியும் மடிக்கணினியும் இந்தச் சேனல் மாற்றத்தை எளிதில் சமாளித்துவிடும். எக்ஸ்டெண்டரின் நிலை வேறு. ரவுட்டரைக் காணாமல் அது எல்லாச் சேனல்களையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கண்டுபிடித்த பின் தன் சொந்த ஒலிபரப்பையும் அந்தச் சேனலுக்கு மாற்ற வேண்டும். அதன் கீழ் இருந்த கருவிகள் அனைத்தும் மறுபடி இணைய வேண்டும். உங்கள் இரண்டு மூன்று நிமிடம் அங்கேதான் போகிறது. சில மலிவான எக்ஸ்டெண்டர்களுக்கு 52 முதல் 144 வரையிலான சேனல்களே தெரியாது. ரவுட்டர் அங்கே போய்விட்டால், அது திரும்பி வரும்வரை அவை குருடாகவே இருக்கும்.

தானியங்கியை எடுத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றிலோ, 149 முதல் 161 வரையிலான ஒன்றிலோ நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் இரண்டு பெயர்களாகப் பிரித்துவிட்டு, எக்ஸ்டெண்டரை 5 கிகாஹெர்ட்ஸ் பெயரோடு மட்டும் இணையுங்கள். ஒரே பெயர் இருக்கும்போது சில ரவுட்டர்கள் எக்ஸ்டெண்டரையும் ஒரு கைப்பேசி என்று எண்ணி, இங்கும் அங்குமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

தாழ்வாரம் (சென்னை), செவ்வாய், காலை 8.00

இடையில் ஓர் ஐயம். சென்னைத் துறைமுகத்தில் வானிலை ராடார் இருக்கிறதே, என் வீடு இராயபுரத்தில் இருக்கிறது. என் வைஃபை அறுவதற்கும் அதுதான் காரணமா?

அலைமானி, செவ்வாய், காலை 8.40

அதன்மீது பழி போட வேண்டாம். துறைமுகத்தில் உள்ளதும் காரைக்காலில் உள்ளதும் எஸ் பட்டையில், 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குபவை. நாம் பேசும் சிக்கல் 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் சி பட்டை ராடார்களைச் சார்ந்தது. இராயபுரத்தில் அடுக்குமாடி வீடு என்றால், ராடாரைத் தேடும் முன்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் எத்தனை வீட்டு வைஃபைகள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

செங்காந்தள், செவ்வாய், இரவு 9.20

என்னுடைய சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வேறு இழை தொடங்கச் சோம்பலாக இருக்கிறது. என் எக்ஸ்டெண்டரின் விளக்கு எப்போதும் பச்சைதான். ஆனால் சில கருவிகள் மட்டும் "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று காட்டுகின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது, மறுநாள் மறுபடி அதே கதை. போன மாதம் ரவுட்டரில் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை முறைக்கு மாற்றியது முதல் பழைய எக்ஸ்டெண்டர் ஒன்று இணையவே மறுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அலைமானி, செவ்வாய், இரவு 10.00

இரண்டும் வெவ்வேறு. முதலாவது, வீட்டுக்குள் இரண்டு பேர் முகவரி வழங்குவதால் வருவது. எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதி "தானியங்கி" என்றோ "இயக்கம்" என்றோ இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அந்த வேலையை ரவுட்டர் ஒன்றே செய்ய வேண்டும். எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டரின் முகவரி வரிசையிலேயே, அது பிறருக்கு வழங்காத ஓர் எண்ணை நிலையாகக் கொடுங்கள். இரண்டாவதற்கு, டபிள்யூபிஏ2 மட்டும் என்று ரவுட்டரை மாற்றிப் பாருங்கள். இரண்டும் கலந்த நிலையிலும் சில பழைய எக்ஸ்டெண்டர்கள் தடுமாறுகின்றன. டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். அதற்கு முன்பு விற்ற எக்ஸ்டெண்டருக்கு அந்த மொழி தெரியாததில் வியப்பில்லை.

மாடியறை, வெள்ளி, இரவு 8.30

சேனலை 36இல் நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. செவ்வாய் மாலை முதல் வியாழன் காலை வரை ஒரு துண்டிப்பும் இல்லாததால் இங்கே வந்து நன்றி எழுதலாம் என்றிருந்தேன். வியாழன் நண்பகலில் மறுபடி ராடார் வரி பதிவேட்டில் விழுந்திருக்கிறது. 36 ராடார் சேனல் அல்ல என்றீர்களே?

அலைமானி, வெள்ளி, இரவு 9.50

என் பிழை, அகலத்தைக் கேட்க மறந்துவிட்டேன். உங்கள் பெட்டி வைஃபை 6 வகையாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸின் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கக்கூடும். பார்த்து 80 ஆக்குங்கள். 36 என்று நாம் எழுதுவது படுத்திருப்பவரின் தலை இருக்கும் இடம்தான். 80 அகலத்தில் கால் 48 வரை நீளும்; 160 அகலத்தில் 64 வரை நீண்டு, 52 முதலான ராடார் சேனல்களைத் தொட்டுவிடும். உங்கள் இணைப்பே 100 மெகாபிட் என்னும்போது 160 அகலத்தால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மாடியறை, புதன், இரவு 8.00

160 என்றுதான் இருந்தது. 80 ஆக்கினேன். ஐந்து நாளாகப் பதிவேட்டில் ராடார் வரி இல்லை. ஆனால் இந்த ஐந்து நாளில் நான்கு துண்டிப்புகள் வந்திருக்கின்றன, நான்கிலும் கீழே அம்மாவுக்கும் இணையம் இல்லை. ரவுட்டரின் பக்கத்தில் "இயங்கிய நேரம்" என்ற வரியைத் தற்செயலாகப் பார்த்தேன்: 4 மணி 12 நிமிடம். வீட்டில் யாரும் அதை அணைக்கவில்லை.

மின்பலகை (ஈரோடு), வியாழன், காலை 7.15

நான் மின்பணியாளர், வைஃபை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் கடைசிப் பதிவு என் துறைக்குள் வந்துவிட்டதால் எழுதுகிறேன். யாரும் அணைக்காமல் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகிறது என்றால், அதற்கு வரும் மின்சாரத்தைத்தான் பார்க்க வேண்டும். ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? எக்ஸ்டெண்டர் எந்த லைனில் இருக்கிறது?

படிக்கட்டு விளக்குப் பாயிண்டைப் பல வீடுகளில் இன்வெர்ட்டரில் சேர்த்திருப்பார்கள், பிளக்கைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் மின்சாரம் போகும்போதெல்லாம் ரவுட்டர் உயிரோடு இருக்க எக்ஸ்டெண்டர் மட்டும் அணைந்துவிடும். இது ஒரு வகை. இன்னொரு வகை, இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியை ரவுட்டரின் அடாப்டர் தாங்காமல் போவது. புதிய அடாப்டர் தன்னுள் இருக்கும் கெப்பாசிட்டரின் சேமிப்பால் அந்த இடைவெளியைக் கடந்துவிடும். நான்கைந்து ஆண்டு வெயிலில் காய்ந்த அடாப்டரால் முடியாது. மின்விசிறி ஒரு சுற்று தயங்கும், அவ்வளவுதான். ரவுட்டர் அதற்குள் அணைந்து எழுந்திருக்கும். உங்கள் முதல் தாளில் மின்சாரம் போய் வந்தபோது மூன்று முறை அறுந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்றும் அம்மாவுக்கு இணையம் இல்லாமல் போன மூன்றும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் அளவு மாறவே கூடாது. 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான் வாங்க வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பருமனும், நடுவில் நேர்மின் வருகிறதா என்ற படமும் பொருந்த வேண்டும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி ஒன்றை இடையில் வைத்தால் இன்வெர்ட்டர் மாற்றமே அதற்குத் தெரியாது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். மாறும் நேரம் குறையும்.

மாடியறை, ஞாயிறு, மாலை 6.40

ஒப்பிட்டேன். மூன்றும் ஒன்றுதான், தாள் என் கையிலேயே இருந்தும் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், தொட்டால் கையைச் சுடுகிறது. 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் பேட்டரிப் பெட்டி ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டேன். முதன்மைச் சுவிட்சை நானே ஐந்து முறை அணைத்துப் போட்டேன், ரவுட்டர் அசையவில்லை. படிக்கட்டுப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பதற்கு எங்கள் தெரு மின்பணியாளர் நாளை வருகிறார்.

கம்பியாள், ஞாயிறு, இரவு 8.20

நல்லது தம்பி. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று: வயர் இழுக்க வழி இருந்தால் இழுத்துவிடுங்கள். எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் கேட்பதும் பேசுவதுமாக இருந்தால் வேகம் பாதியாகும். காற்றில் யார் குறுக்கே வந்தாலும் அது தடுமாறும். கேட் 6 வயர் நூறு மீட்டர் வரை தயங்காது. மாடியில் பழைய ரவுட்டர் ஒன்றையே வைத்து, அதில் முகவரி வழங்கலை நிறுத்தி, கீழிருந்து வரும் வயரை அதன் லேன் துளையில் செருகினால் போதும். பலர் வெளி இணையம் உள்ளே வருவதற்கான வான் (WAN) துளையில் செருகிவிட்டு, மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

தாழ்வாரம், ஞாயிறு, இரவு 9.00

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் துளைக்க முடியாதே ஐயா. சுண்ணாம்பு உதிர்ந்தாலே முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு எக்ஸ்டெண்டர்தான் கதி.

கம்பியாள், ஞாயிறு, இரவு 9.25

துளைக்காமலும் வழி உண்டு. பழைய வீடுகளில் கேபிள் டிவிக்காகப் போட்ட குழாய் மொட்டைமாடி வரை போகும். உள்ளே செத்துக் கிடக்கும் பழைய வயரின் முனையில் புதிய வயரைக் கட்டி, மேலிருந்து ஒருவர் இழுக்க, கீழிருந்து ஒருவர் ஊட்டினால் வந்துவிடும். வளைவில் சிக்கினால் முகப் பவுடரைத் தூவி இழுங்கள். மின் வயர் போகும் குழாயில் மட்டும் லேன் வயரை நுழைக்க வேண்டாம். அதுவும் முடியாதவர்களுக்கு, அலைமானி சொன்ன முறைப்படி எக்ஸ்டெண்டரையே ஒழுங்காக வைத்தால் போதுமானது. நான் அதைக் குறை சொல்லவில்லை.

மாடியறை, மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 7.30

பத்தொன்பது நாள் ஆகிறது. ஒரே ஒரு துண்டிப்புதான். அதுவும் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபரை வெட்டியதால் வந்தது. அன்று எக்ஸ்டெண்டர் நீலமாகவே எரிந்தது, ரவுட்டரின் பெட்டியில்தான் சிவப்பு. மூன்று சாளரங்களில் எது நின்றது என்று பார்த்த உடனேயே இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுவிட்டேன். இம்முறை என்னை யாரும் அலைக்கழிக்கவில்லை.

ஒரு சிறு குறை மட்டும் மிச்சம். நான் மாடியிலிருந்து கீழே இறங்கி ரவுட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாலும், கைப்பேசி படிக்கட்டு எக்ஸ்டெண்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அலைமானி, சனி, இரவு 8.10

எதில் ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைப்பேசியே. பிடித்திருக்கும் சிக்னல் மிகவும் மோசமாகும் வரை அது வேறு இடம் தேடாது. படிக்கட்டு எக்ஸ்டெண்டர் உங்கள் முன்னறைக்கும் நன்றாகவே எட்டுகிறது என்பதால் அது நகரவில்லை. எக்ஸ்டெண்டரில் ஒலிபரப்பு ஆற்றலைக் குறைக்கும் வசதி இருந்தால் "நடுத்தரம்" என்று வைத்துப் பாருங்கள். பின்னறையில் சிக்னல் −67க்குக் கீழே இறங்கினால் பழைய நிலைக்கே மாற்றிவிட்டு, கீழே வரும்போது வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

மாடியறை, ஞாயிறு, காலை 10.15

நடுத்தரத்தில் பின்னறைக்கு −64 கிடைக்கிறது, கைப்பேசியும் முன்னறையில் ரவுட்டருக்கு மாறிவிடுகிறது. கேபிள் டிவிக் குழாயையும் திறந்து பார்த்தேன். பழைய வயர் இழுத்தால் அசைகிறது. பொங்கல் விடுமுறையில் தம்பி வரும்போது மேலிருந்து இழுக்க ஆள் கிடைக்கும்.